காற்று அலை பொதுச்சொத்து, கைப்பேசி அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! உங்களுக்கும் எனக்கும் முதலில் தக்வாவை உபதேசித்துக் கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இஷா தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே டிவி ஓடுகிறது. செய்திதான் பார்க்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், சுவரோரம் தஸ்பீஹ் மணியோடு உங்கள் தாயார். செய்திக்கு நடுவே ஒரு விளம்பரம் வருகிறது. உடனே மகள் தண்ணீர் எடுக்க எழுந்து போகிறாள். மகன் தட்டையே பார்க்கிறான். தாயார் கண்ணை மூடிக்கொள்கிறார். நீங்கள் ரிமோட்டைத் தேடுகிறீர்கள், அந்த நேரம் பார்த்து ரிமோட் கிடைக்காது. முப்பது விநாடிதான். ஆனால் அந்த முப்பது விநாடி வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அந்தச் சங்கடத்துக்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் ஹயா. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்தச் சங்கடம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறதென்றால் அல்ஹம்து லில்லாஹ், ஈமானின் அந்தக் கிளை இன்னும் காயவில்லை. நாம் பயப்பட வேண்டியது சங்கடம் வரும் நாளைப் பற்றி அல்ல. அதே விளம்பரம் ஓடும்போது எல்லோரும் சாதாரணமாகச் சோற்றைப் பிசைந்து கொண்டிருக்கும் நாளைப் பற்றித்தான் பயப்பட வேண்டும்.

பக்கத்து ஊரிலிருந்து போன ஒரு மனு

இந்தச் சங்கடம் முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். நம் சங்கரன்கோவிலுக்கு அருகே இருக்கும் ராஜபாளையத்தைச் சேர்ந்த ஒருவர் இதற்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். டிவியில் வரும் ஆபாச விளம்பரங்களைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை.

2020 நவம்பரில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி ஆகியோர் அந்த மனுவை விசாரித்து, ஆபாசமான விளம்பரங்களை ஒளிபரப்ப இடைக்காலத் தடை விதித்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஏறத்தாழ எல்லாச் சேனல்களிலும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வருகின்றன, எல்லா வயதினரும் அதைப் பார்க்க நேரிடுகிறது என்று நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். செய்தி பார்க்க டிவியைப் போட்டவரும் அதில் மாட்டிக்கொள்கிறார் என்பதையும் சுட்டிக் காட்டினார்கள்.

நீதிமன்றம் புதிதாக ஒரு சட்டத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த விதியைத்தான் எடுத்துக் காட்டியது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7-வது விதி விளம்பரங்களுக்கானது. அநாகரிகமான, ஆபாசமான, கிளர்ச்சியூட்டும் விதத்தில் எந்த விளம்பரமும் இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. விற்கும் பொருளைப் பற்றிய தகராறு அல்ல இது. மருந்துக் கடையில் எத்தனையோ பொருள் விற்கிறது. சோப்பையும் வாசனைத் திரவியத்தையும் விற்பதற்குக்கூட ஒரு பெண்ணின் உடலைக் கடை விரிக்கிறார்களே, அந்த விதத்தைப் பற்றிய தகராறு.

அரசாங்கத்துக்கு இதில் என்ன உரிமை?

சில இளைஞர்கள் கேட்பார்கள். "ஹஜ்ரத், பிடிக்கலேன்னா சேனலை மாத்திட்டுப் போக வேண்டியதுதானே? இதுல அரசாங்கம் எதுக்கு?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வேண்டும்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது பற்றி வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் நடந்த வழக்கு அது. அதில் நீதிமன்றம் சொன்ன அடிப்படை, காற்றில் போகும் அலைகள் பொதுச்சொத்து என்பது. அரசாங்கத்துக்கும் அது சொந்தமல்ல, டிவி கம்பெனிக்கும் சொந்தமல்ல. மக்கள் எல்லோருக்கும் பொது. பொதுமக்களின் நன்மைக்கு ஏற்பத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், முறைப்படுத்தவும் வேண்டும். அதே ஆண்டில்தான் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது.

பொதுச்சொத்து என்றால் நமக்கு உடனே என்ன நினைவுக்கு வர வேண்டும்? தெரு. பொது வழி.

அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தெருக்களில் உட்காருவதை விட்டுத் தவிர்ந்து கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். யா ரஸூலல்லாஹ், எங்களுக்கு வேறு இடம் இல்லையே, அங்கே உட்கார்ந்துதானே பேசிக்கொள்கிறோம் என்று தோழர்கள் சொன்னார்கள். அப்படியானால் தெருவுக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். தெருவின் ஹக் என்ன என்று கேட்டபோது ஐந்து விஷயங்களைச் சொன்னார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது.

பாருங்கள், தெருவுக்கு ஒரு ஹக் இருக்கிறது! நம் வீட்டுத் திண்ணை நமக்குச் சொந்தம். ஆனால் திண்ணையிலிருந்து தெருவில் குப்பையைக் கொட்டினால் கேட்பதற்கு ஊருக்கு உரிமை உண்டு. அந்த ஹதீஸின் ஐந்தில் முதலாவது பார்வை, இரண்டாவது பிறருக்குத் தொல்லை தராமை. காற்று அலையும் இன்றைக்கு ஒரு தெருதான். அதில் கடை போட்டிருப்பவன், போகிற வருகிறவன் கண்ணில் எதையும் வீசலாம் என்று உரிமை கொண்டாட முடியாது.

இது ஏதோ மதவாதிகள் கேட்பது என்றும் எண்ண வேண்டாம். பேச்சுரிமையைப் பற்றி உலகத்துக்கே பாடம் நடத்தும் அமெரிக்காவில்கூட, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை வானொலியிலும் பொது அலைவரிசை டிவியிலும் அநாகரிகமான நிகழ்ச்சிகளை ஒலி, ஒளிபரப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அதற்கு நியாயமான வரம்புகளாக எண்ணும் காரணங்களில் நாகரிகம், ஒழுக்கம் இரண்டையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது.

நேரம் குறித்த சட்டம்

அந்தக் கேபிள் விதிகளில் 6-வது விதி நிகழ்ச்சிகளுக்கானது. நல்ல ரசனைக்கும் நாகரிகத்துக்கும் எதிரானதைக் காட்டக் கூடாது. பெண்களை இழிவுபடுத்தக் கூடாது. குழந்தைகள் அதிகமாகப் பார்க்கும் நேரங்களில் குழந்தைகளுக்குத் தகாத நிகழ்ச்சிகள் வரக் கூடாது. 2007-ஆம் ஆண்டில் ஏ.எக்ஸ்.என்., எஃப்.டி.வி. என்ற இரண்டு சேனல்களுக்கு மத்திய அரசு இந்த விதியை வைத்துத்தான் இரண்டு மாதத் தடை விதித்தது. 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே போட வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சொன்னதும் இந்த வகைதான்.

நேரத்தை வைத்து ஒழுக்கத்தைக் காப்பது என்ற இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. ஸூரத்துந் நூரின் 58-வது வசனத்தை ஓதிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், மதியம் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில், பருவமடையாத பிள்ளைகள்கூட அனுமதி கேட்டுத்தான் பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்று அல்லாஹ் கற்றுத் தருகிறான். குழந்தையின் கண்ணில் எது, எந்த வயதில், எந்த நேரத்தில் படலாம் என்பதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒழுங்குமுறை வகுத்த மார்க்கம் இது.

சொந்தப் பெற்றோரின் அறைக்குள்ளேயே பிள்ளையின் பார்வைக்கு அல்லாஹ் கதவு போட்டிருக்கிறான். நாமோ, நடு வீட்டில் ஊரான் வீட்டுப் படுக்கையறையைத் திறந்து வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறோம்! பத்து மணிக்கு மேல்தான் போடுகிறார்கள் என்று சட்டம் சமாதானம் சொல்லலாம். பத்து மணிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை தூங்கிவிடுகிறானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் எங்கே நிற்க வேண்டும்?

இந்த இடத்தில் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் பேச்சு நீதியாக இருக்காது. தெருவைக் காக்கச் சொன்ன மார்க்கம், அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது வசனத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எனவே ஒழுக்கத்தைக் காக்கிறேன் என்று கிளம்பி, எதிர் வீட்டுப் பிள்ளை போனில் என்ன பார்க்கிறான், பஸ் ஸ்டாண்டில் எந்தப் பெண் யாரோடு நின்றாள் என்று படம் பிடித்துக்கொண்டு அலைவது மார்க்கமும் அல்ல, சட்டமும் அல்ல. அப்படிச் செய்பவர் தீமையைத் தடுக்கவில்லை, இன்னொரு தீமையைத் தொடங்குகிறார். நாம் பேசுவது பொதுவெளியில், எல்லோர் கண்ணிலும் விழும்படி வீசப்படும் ஆபாசத்தைப் பற்றி மட்டும்தான்.

அதற்கு நாம் என்ன செய்யலாம்? கேபிள்காரத் தம்பியிடம் சண்டை போடுவதில் பயனில்லை, டிவிப் பெட்டியை உடைப்பதிலும் பயனில்லை. தீமையைக் கண்டால் கையால், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் என்று மூன்று படி சொன்னார்கள் நபியவர்கள் (முஸ்லிம்). பொது விஷயத்தில் கை என்பது ஆட்சியாளருடைய கை என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். நமக்கு நாவு இருக்கிறது, பேனா இருக்கிறது.

2021 ஜூனில் திருத்தப்பட்ட விதிப்படி, ஒரு நிகழ்ச்சி பற்றி நீங்கள் அந்தச் சேனலுக்கே புகார் எழுதலாம். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக அவர்கள் சொல்ல வேண்டும், 15 நாள்களில் பதில் தர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்புக்குப் போகலாம். அதற்கும் மேலே மத்திய அரசின் குழு இருக்கிறது. விளம்பரம் என்றால் மும்பையிலுள்ள இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலுக்கு எழுதலாம். மாவட்ட அளவிலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க மத்திய அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. நமக்கு இப்போது தென்காசியே மாவட்டத் தலைநகரம், திருநெல்வேலிக்குப் போகவும் வேண்டியதில்லை.

எழுதும்போது நிதானமாக எழுதுங்கள். எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன காட்டினார்கள். கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். தனியாக எழுதுவதைவிட, உங்கள் தெருவிலுள்ள மற்றச் சமுதாயத்துச் சகோதரர்களையும் தாய்மார்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி எழுதுங்கள். அந்த முப்பது விநாடிச் சங்கடம் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது.

அதே 6-வது விதியில் இன்னொன்றும் இருக்கிறது. எந்த மதத்தையும் சமூகத்தையும் தாக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்பது. 2020 செப்டம்பரில், முஸ்லிம்கள் குடிமைப் பணித் தேர்வுகளில் சதி செய்து நுழைகிறார்கள் என்று ஒரு சேனல் தொடர் ஒளிபரப்பியபோது, உச்ச நீதிமன்றம் அதன் மீதிப் பகுதிகளை நிறுத்தி வைத்தது. ஆபாசமும் அவதூறும் சட்டத்தில் ஒரே பட்டியலில் இருக்கின்றன. குர்ஆனிலும் அப்படித்தான். இங்கேதான், சகோதரர்களே, பேச்சு நம் பக்கம் திரும்புகிறது.

இப்போது யார் ஒளிபரப்பாளர்?

1995-இல் சட்டம் வந்தபோது ஒளிபரப்புபவர் வேறு, பார்ப்பவர் வேறு. அவர் மும்பையிலோ சென்னையிலோ இருந்தார், நாம் வீட்டில் இருந்தோம். இன்றைக்கு அந்தப் பிரிவினை இல்லை. ஜும்ஆவுக்கு வந்து ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஒளிபரப்பு நிலையம் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம், தணிக்கை இல்லை, பத்து மணி என்ற கணக்கும் இல்லை.

அரசாங்கம் துரத்திக்கொண்டுதான் இருக்கிறது. 2019 ஏப்ரலில் இதே மதுரைக் கிளை டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது, மூன்று வாரத்தில் நிபந்தனையோடு தடை நீங்கியது. ஆபாசத்துக்காக மத்திய அரசு 2024 மார்ச்சில் 18 ஓ.டி.டி. தளங்களை முடக்கியது, 2025 ஜூலையில் இன்னும் 25 தளங்களை முடக்கச் சொன்னது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல் திறக்கிறது. காரணம் என்ன? அனுப்புகிறவன் இருக்கிறான், வாங்குகிறவன் இருக்கிறான்.

ஸூரத்துந் நூரின் 19-வது வசனத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. ஈமான் கொண்டவர்களிடையே மானக்கேடான விஷயம் பரவ வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நோவினை தரும் வேதனை உண்டு என்று அல்லாஹ் சொல்கிறான். கவனியுங்கள். மானக்கேடானதைச் செய்பவர்களைப் பற்றி இந்த வசனம் பேசவில்லை. அது பரவுவதை விரும்புகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது.

எந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியது இது? நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகள் அவதூறு கட்டிவிட்ட நேரத்தில். படம் இல்லை, வீடியோ இல்லை. வெறும் வாய்ப்பேச்சு. ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டு, அடுத்தவருக்குச் சொல்ல, மதீனா முழுவதும் ஒரு மாதம் போல அது சுற்றியது. பாதி ராத்திரியில் அன்னையவர்கள் அழுதார்கள். கட்டியவர்கள் முனாஃபிக்குகள், ஆனால் சுமந்து சென்றவர்களில் நல்ல முஸ்லிம்களும் மூன்று பேர் இருந்தார்கள். அதை நீங்கள் இலேசாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடமோ அது மிகப் பெரியது என்று 15-வது வசனம் அவர்களைக் கண்டித்தது.

"நான் எடுக்கலை ஹஜ்ரத், வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று நாம் சொல்கிறோமே, அந்த வாதத்தை அல்லாஹ் அன்றைக்கே தள்ளிவிட்டான்.

அதே சம்பவத்தில் ஒரு பெண்மணியின் பதிலையும் நினைவில் வையுங்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். நபியவர்களின் மனைவியரில் ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் போட்டியாக இருந்தவர்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிறார்கள். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு எல்லாச் சந்தர்ப்பமும் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது என்ன சொன்னார்கள்? என் செவியையும் பார்வையையும் நான் காத்துக்கொள்கிறேன், ஆயிஷாவைப் பற்றி நல்லதைத் தவிர எதுவும் எனக்குத் தெரியாது என்ற பொருளில் சொன்னார்கள் (புகாரி). அவர்களின் சொந்தச் சகோதரி ஹம்னா அந்தப் பேச்சில் விழுந்தார். ஸைனப் (ரலி) அவர்கள் விழவில்லை. ஒரே வீட்டில் பிறந்த இருவர். ஒருவர் பரப்பினார், ஒருவரிடம் வந்து அது நின்றது.

இன்றைக்கு நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இது எப்படி நடக்கிறது? "பாருங்க காலம் எவ்வளவு கெட்டுப் போச்சு, நஊது பில்லாஹ்" என்று தலைப்புப் போட்டு ஆபாசக் காட்சியை அனுப்புகிறார்கள். நஊது பில்லாஹ் என்று எழுதினால் அது மார்க்க போதனை ஆகிவிடுமா? கண்டிக்கிறேன் என்று சொல்லி நாற்பது பேருக்குக் காட்டிவிட்டோம். யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் படம் சுற்றுகிறது. உண்மையா, பொய்யாக உருவாக்கியதா, யாருக்கும் தெரியாது. "யாருன்னு தெரியுதா?" என்று ஒருவர் கேட்கிறார். தெரிந்தவர் பெயரைச் சொல்கிறார். ஊரும் தெருவும் வந்துவிடுகிறது. அந்த வீட்டு அத்தா மறுநாள் தறிக்கூடத்துக்கு எப்படிப் போவார்? பூ மார்க்கெட்டில் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பார்? அந்தப் பிள்ளை என்ன முடிவுக்குப் போவாள்? அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், இப்படித் தங்கள் உயிரை மாய்த்துக் கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாம் படிக்கத்தானே செய்கிறோம்.

ஒரு சேனல் தவறாக ஒளிபரப்பினால் அதை நாம் கண்டிக்கிறோம். இந்த ஒளிபரப்பை யார் செய்தது? விரல் நம்முடையது.

டிவி சேனல்கள் தாங்கள் ஒளிபரப்பியதை 90 நாள்களுக்குப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், அரசாங்கம் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தொண்ணூற்றோராவது நாள் அதை அழித்துவிடலாம். நம் ஒளிபரப்புக்கும் பதிவு இருக்கிறது. கண்ணியமிக்க எழுத்தாளர்கள் இருவர் நம்மோடு இருக்கிறார்கள். நாம் செய்வதை அவர்கள் அறிகிறார்கள் என்று ஸூரத்துல் இன்ஃபிதாரில் அல்லாஹ் சொல்கிறான். "எல்லோருக்கும் அழி" என்ற பொத்தானை அமுக்கினால் குழுவில் அழியும், அந்த ஏட்டில் அழியாது. அதை அழிப்பது ஒன்றே ஒன்றுதான், உண்மையான தவ்பா.

என் உம்மத்தில் எல்லோரும் மன்னிக்கப்படுவார்கள், பகிரங்கப்படுத்துபவர்களைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). இரவில் ஒரு பாவம் செய்கிறான், அல்லாஹ் மறைத்துவிட்டான். காலையில் எழுந்து, நேற்று நான் இன்னின்னது செய்தேன் என்று அவனே திரையைக் கிழிக்கிறான். அவனைத்தான் சொன்னார்கள். இன்றைக்கு ஸ்டேட்டஸில் நாம் வைப்பதையெல்லாம் இந்த ஹதீஸின் முன்னால் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் யார் தொடங்குவது?

கடைசியாக ஒரு விஷயம். பிள்ளையின் போனில் தகாத ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள். என்ன செய்வீர்கள்? அடிப்பதா, போனை உடைப்பதா, ஊரைக் கூட்டுவதா?

ஹஜ்ஜத்துல் விதாவில் ஒரு சம்பவம். இளைஞரான ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களுக்குப் பின்னால் அதே வாகனத்தில் அமர்ந்திருந்தார்கள். கஸ்அம் கோத்திரத்துப் பெண் ஒருவர் மார்க்கச் சட்டம் கேட்க வந்தார். ஃபழ்ல் அந்தப் பெண்ணைப் பார்க்கத் தொடங்கினார். நபி (ஸல்) அவர்கள் தங்கள் கையால் ஃபழ்லின் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார்கள் (புகாரி). ஒரு கை, ஒரு திருப்பு. அவர் மானம் போகும்படி ஒரு வார்த்தையும் அந்த அறிவிப்பில் இல்லை. கேள்வி கேட்டு வந்த பெண்ணுக்கும் பதில் கிடைத்தது.

முகத்தைத் திருப்ப வேண்டுமென்றால் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அத்தா ஓர் அறையில் ஒரு போனோடு, மகன் இன்னோர் அறையில் ஒரு போனோடு என்றால் யார் முகத்தை யார் திருப்புவது? மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேசுங்கள். இரவு இத்தனை மணிக்கு மேல் எல்லோருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கும் என்று வீட்டில் ஒரு விதி போடுங்கள். எல்லோருடைய என்றால் உங்களுடையதும்தான். பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளையை அல்லாஹ் 24-வது ஸூராவில் முதலில் ஆண்களுக்குச் சொன்னான், அதற்கு அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்குச் சொன்னான். நம் வீடுகளில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மகளின் போனைச் சோதிக்கிறோம், நம் போனுக்கு மட்டும் பூட்டு.

சகோதரர்களே! தெருவைச் சுத்தமாக வைக்கும்படி அரசாங்கத்திடம் கேட்பது நம் உரிமை, கேட்போம். ஆனால் இன்றைக்குத் தொழுது முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் போனை எடுப்பதற்கு முன்னால், ஒரே ஒரு நிய்யத் வையுங்கள். இன்றிலிருந்து ஒருவருடைய மானத்தைக் கெடுக்கும் எந்தச் செய்தியும் படமும் என்னிடம் வந்தால் என்னோடு நிற்கும், என்னைத் தாண்டிப் போகாது. ஸைனப் (ரலி) அவர்களிடம் வந்து நின்றதைப் போல.

யா அல்லாஹ்! எங்கள் கண்களையும் செவிகளையும் விரல்களையும் ஹராமிலிருந்து காப்பாற்றுவாயாக. எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் ஹயாவை நிலைநிறுத்துவாயாக. எங்களால் யாருடைய மானமாவது குலைந்திருந்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியத்தை எங்களுக்குத் தந்து, எங்களை மன்னிப்பாயாக. எங்கள் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைப்பாயாக. எங்கள் ஊரையும் நாட்டையும் எல்லாச் சமுதாய மக்களும் கண்ணியத்தோடு வாழும் இடமாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.